மருத்துவமனைப் பில்லில் வரும் நோய்க் குறியீடுகள்: நோயாளரும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

நோயாளர் கல்விப் பகுதி
எலும்பு, மூட்டு அறுவைச் சிகிச்சைப் பிரிவு

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் நோயாளரின் கைக்கு இரண்டு தாள்கள் வருகின்றன. ஒன்று டிஸ்சார்ஜ் சம்மரி; மற்றொன்று பில். இரண்டிலும் நோயின் பெயருக்கு அருகே ஓர் எழுத்தும் சில எண்களும் சேர்ந்த சிறு குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலோர் தொகையைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகின்றனர். ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் கணினி முதலில் படிப்பது அந்தக் குறியீட்டைத்தான். காப்பீட்டுத் தொகை தடையின்றிக் கிடைக்கிறதா, வேலையில் ஏற்பட்ட காயம் வேலைக் காயமாகவே பதிவாகிறதா என்பவற்றில் அதற்குப் பங்குண்டு. அதனைப் பற்றி நோயாளரும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

குறியீடு என்பது யாது?

ஒரே நோயை ஒரு மருத்துவர் ‘மாரடைப்பு’ என்பார். மற்றொருவர் ‘ஹார்ட் அட்டாக்’ என்பார். இன்னொருவர் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் எழுதுவார். எல்லாரும் ஒன்றையே குறிக்கின்றனர் என்பது கணினிக்குத் தெரியாது. இக்குழப்பத்தைத் தீர்க்க உலக நாடுகள் பொதுவாக ஏற்றுக்கொண்ட ஏற்பாடே ‘பன்னாட்டு நோய் வகைப்பாடு’. ஐசிடி என்று சுருக்கமாக வழங்கும் இதனை உலகச் சுகாதார நிறுவனம் பராமரித்து வருகிறது. இறப்புக் காரணங்களை வகைப்படுத்துவதற்காகப் பிரெஞ்சு அறிஞர் ழாக் பெர்த்தியோன் 1893இல் முன்வைத்த பட்டியலிலிருந்து இது வளர்ந்தது. பத்தாம் பதிப்பு 1990இல் ஏற்கப்பட்டது. பதினொன்றாம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டின் காப்பீட்டுப் படிவங்களில் இன்றும் பரவலாகப் பயன்படுவது பத்தாம் பதிப்பே. அதில் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவின் குறியீடு ‘இ 11’. பதினொன்றாம் பதிப்பில் அதே நோய் ‘5ஏ11’ ஆகிறது. நோய் மாறவில்லை, அதனை எழுதும் முறை மாறுகிறது.

இப்போது மாறிவருவது என்ன?

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. ‘ஆபா’ எனப்படும் 14 இலக்க நலவாழ்வு எண் அதன் ஒரு பகுதி. மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கோரிக்கைகளை ஒரே பொது வடிவில் அனுப்பிப் பெறுவதற்கான தேசியப் பரிமாற்றத் தளமும் உருவாக்கப்பட்டுள்ளது. நிறுவனத்துக்கு ஓர் இணையதளம், நிறுவனத்துக்கு ஒரு படிவம் என்ற பழைய நிலை படிப்படியாக மாறும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே 29 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை காலவரையறையையும் வகுத்துள்ளது. கேஷ்லெஸ் சிகிச்சைக்கான முதல் ஒப்புதலைக் கோரிக்கை கிடைத்த 1 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் தெரிவிக்க வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால், அதனால் மருத்துவமனை விதிக்கும் கூடுதல் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும்.

காலம் இவ்வாறு சுருங்கும்போது, நாம் அனுப்பும் விவரம் முதல் முறையிலேயே சரியாக இருத்தல் இன்றியமையாதது. சிகிச்சைக் குறிப்பில் ‘காயம்’ என்று மட்டும் இருந்தால், குறியிடுபவர் ‘டி 14.9’, அதாவது ‘குறிப்பிடப்படாத காயம்’ என்றுதான் பதிய முடியும். அறுவைச் சிகிச்சைக்கான தொகையோ பெரிதாக இருக்கும். இரண்டும் பொருந்தாமையால் நிறுவனம் விளக்கம் கேட்கும். பில் பிரிவின் முன் குடும்பத்தார் மாலை வரை காத்திருப்பதற்கு இத்தகைய பொருத்தமின்மையும் ஒரு காரணம்.

ஓர் இலக்கத்தில் அடங்கிய உரிமை

இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம், வல்லம் வரை தொழிற்சாலைகள் நிறைந்த நம் பகுதியில் மிகவும் கவனிக்க வேண்டியது இது. பிரஸ் மிஷினில் விரல் சிக்கித் துண்டான ஒருவரைக் கொள்வோம். பத்தாம் பதிப்பின்படி, கட்டைவிரல் அல்லாத ஒரு விரல் துண்டானதற்கு ‘எஸ் 68.1’ என்பது குறியீடு. காயம் எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு இரண்டாவது குறியீடு உண்டு. இயந்திரத்தால் என்றால் அது ‘டபிள்யூ 31’. அதன் புள்ளிக்குப் பின் வரும் இலக்கம் இடத்தைக் குறிக்கும். 6 என்றால் தொழிற்சாலை அல்லது கட்டுமான இடம். 0 என்றால் வீடு. கூலிக்காக வேலை செய்துகொண்டிருந்தபோது நேர்ந்தது என்பதைச் சுட்டவும் தனி இலக்கம் உண்டு.

வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஓர் இலக்கமே வேறுபாடு. ஆனால் தொழிலாளர் அரசு காப்பீடாகிய இ.எஸ்.ஐ.யில் அந்த வேறுபாடு பெரிது. சாதாரண நோய்க்கான பணப்பயன் சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு; ஆண்டுக்கு 91 நாள்கள் வரை மட்டுமே கிடைக்கும். வேலைக் காயமாயின் தற்காலிக இயலாமை நீடிக்கும் வரை 90 விழுக்காடு கிடைக்கும். அதற்குக் குறிப்பிட்ட காலம் சந்தா செலுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. முதல் நாள் வேலைக்கு வந்தவருக்கும் அது பொருந்தும். நிரந்தர ஊனம் எஞ்சினால், மருத்துவக் குழு மதிப்பிடும் வருவாய் இழப்பின் அளவுக்கேற்ப மாதந்தோறும் தொகை வரும். குறியீடு மட்டுமே இதனை முடிவு செய்துவிடாது; நிறுவனம் அளிக்கும் விபத்து அறிக்கையே முதன்மையானது. எனினும் அறிக்கை தாமதமாகும்போதோ மறுக்கப்படும்போதோ, மருத்துவமனையின் முதல் பதிவு தொழிலாளிக்குச் சான்றாக நிற்கும்.

அடிபட்டவரை அழைத்து வருபவர் பல நேரங்களில் மேற்பார்வையாளராகவோ ஒப்பந்தக்காரரின் ஆளாகவோ இருக்கிறார். ‘வீட்டில் கதவில் நசுங்கியது என்று சொல்லிவிடு, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற அறிவுரை வழியிலேயே தரப்படுவதுண்டு. வலியிலும் அச்சத்திலும் இருப்பவர் தலையசைத்துவிடுகிறார். அன்றைய செலவு தீர்ந்துவிடலாம். விரல் இல்லாத கையோடு இனி வாழவேண்டிய ஆண்டுகளுக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. ஆகவே எங்கே, எந்த இயந்திரத்தில், எந்த நேரத்தில் நேர்ந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் அது எழுதப்பட்டதா என்று கேளுங்கள், ஏ.ஆர். காப்பி என்று வழங்கும் அதன் நகலைப் பெறும் வழியையும் கேட்டறியுங்கள். முதலில் தவறான விவரம் சொல்லப்பட்டிருந்தால், நினைவு தெளிந்ததும் மருத்துவரிடம் உண்மையைக் கூறுங்கள். பழைய பதிவை அழிக்க இயலாது. ஆனால் உங்கள் கூற்றைத் தேதியிட்டுக் கூடுதலாகப் பதியலாம்.

ஷிப்ட் முடிந்து திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் நேரும் விபத்துக்கும் இது பொருந்தும். வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால் அதுவும் வேலைக் காயமாகக் கருதப்படும். ‘பைக்கில் விழுந்தேன்’ என்பதோடு நிறுத்தாமல், எங்கிருந்து எங்கே சென்றீர்கள் என்பதையும் கூறுங்கள். ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் சக தொழிலாளிக்குத் துணையாக வருவோர், அவர் மொழி அறிந்த ஒருவர் மூலம் அவரே பேசுவதற்கு வழிசெய்ய வேண்டும்.

‘சர்க்கரை இருப்பதாக எழுதாதீர்கள்’

நோயாளரின் உறவினர் தயங்கித் தயங்கி முன்வைக்கும் வேண்டுகோள் இது. பாலிசி எடுத்தபோது நீரிழிவைக் குறிப்பிடவில்லை, இப்போது எழுதினால் பணம் வராது என்பது அவர்கள் அச்சம். அச்சம் புரிகிறது; வேண்டுகோளை ஏற்க இயலாது. மயக்க மருந்தின் அளவு, புண் ஆறும் வேகம், தொற்றின் அபாயம் ஆகியவை நீரிழிவைச் சார்ந்தவை. அதனை மறைத்த பதிவு, அடுத்த முறை வேறொரு மருத்துவமனையில் நள்ளிரவில் உங்களைப் பார்க்கும் மருத்துவரைத் தவறான வழியில் செலுத்தும். மின்னணுப் பதிவுகள் ஒன்றோடொன்று இணையும் காலத்தில், முந்தைய ஆய்வக முடிவுக்கும் புதிய டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் இடையிலான முரண் எளிதில் வெளிப்பட்டு, முறையான கோரிக்கையையும் ஐயத்துக்கு உள்ளாக்கும். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 3 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்பது இன்றைய விதி. எனவே பாலிசி எடுக்கும்போதே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது.

மருத்துவமனையின் கடமை

குறியீட்டை நிரப்புவது நோயாளரின் வேலையன்று. மருத்துவர் நோயின் பக்கம், இடம், காரணம், உடனுள்ள நோய்கள் ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். வலது கையா இடது கையா என்பதுகூட விடுபடலாகாது. பயிற்சி பெற்ற குறியீட்டாளர் அதனைக் குறியீடாக்க வேண்டும். ஐயம் எழுந்தால் அவர் தாமே ஊகிக்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். புதிய முறைக்கு மாறும்போது சிறிது காலம் பழைய முறையையும் உடன் இயக்கி ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இணையம் துண்டிக்கப்பட்டாலும் சிகிச்சை நிற்காதபடி மாற்று ஏற்பாடு வேண்டும். அதிகத் தொகைக்காக நோயைப் பெரிதாக்கிக் குறியிடுவது மோசடி. அதற்கு எந்த மருத்துவமனையும் இடம் தரலாகாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. ஆதார், இ.எஸ்.ஐ. அட்டை, பாலிசி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவற்றில் பெயர் ஒன்றாக உள்ளதா என்று இப்போதே பாருங்கள். ஓர் அட்டையில் தலைப்பெழுத்தோடும் மற்றொன்றில் தந்தையின் முழுப்பெயரோடும் இருப்பது நம்மிடையே வழக்கம். கணினிக்கு அவர்கள் இருவேறு மனிதர்கள்.

2. பழைய சீட்டுகள், ஆய்வக முடிவுகள், உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்து எடுத்து வாருங்கள். சித்த மருந்து உண்பவர் அதனையும் கூற வேண்டும்.

3. ஆபா எண் உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது. அதன் வழியாகப் பதிவுகளைப் பகிர உங்கள் ஒப்புதல் தேவை. அந்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடியும். அலைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் காரணம் அறியாமல் எவரிடமும் சொல்லாதீர்கள்.

4. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையெழுத்திடுவதற்கு முன் படியுங்கள். பெயர், வயது, நோய், அடிபட்ட பக்கம், விபத்து நேர்ந்த இடம், செய்த அறுவை ஆகிய ஆறும் சரியா எனப் பாருங்கள். புரியாத குறியீட்டின் பொருளைக் கேளுங்கள். சொல்வது எங்கள் கடமை.

5. கோரிக்கை மறுக்கப்பட்டால், பாலிசியின் எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவு, பின்னர் ‘பீமா பரோசா’ இணையதளம், அதன்பின் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் என முறையீட்டுக்கு வழிகள் உள்ளன.

குறியீட்டை எழுதுவது கணினியாயினும், அதன் மூலம் நோயாளர் வாயிலிருந்து வரும் சொல். நீங்கள் சொல்வதை நாங்கள் எழுதுகிறோம். நாங்கள் எழுதியதைக் குறியீட்டாளர் எண்ணாக்குகிறார். முதற்சொல் உண்மையாகவும் முழுமையாகவும் இருந்தால், பின்வரும் பிழைகளை ஆவணத்தைக் கொண்டே திருத்திவிடலாம். எனவே மருத்துவரிடம் பேசும் அந்தச் சில நிமிடங்களில் எதையும் மறைக்காதீர்கள்; பிறர் சொல்லிக்கொடுத்ததையும் சொல்லாதீர்கள்.