பழுதும் அதன் வேரும்

கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடிக்கு அண்மையில் உள்ளது நெய்வேலி. பழுப்பு நிலக்கரியால் புகழ்பெற்ற ஊர் அது. 1956ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அங்குச் சுரங்கம் அமைக்க முற்பட்டது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரிக்கு மேலே பன்னெடுங்காலமாகப் படிந்து இறுகிக் கிடந்தது மணற்கல். அதனை அகழ்ந்தெடுக்க மாபெரும் பொறிகள் வந்தன. மணற்கல்லோ அப்பொறிகளின் எஃகுப் பற்களையே தேய்த்தது. தேய்ந்த பல்லைக் கழற்றிவிட்டுப் புதிய பல்லைப் பொருத்துவதோடு பொறியாளர் அமைந்துவிடவில்லை. பல் தேய்வதன் காரணத்தை ஆராய்ந்தனர். பற்களை மேலும் கடினமாக்கினர். இறுகிய நிலத்தை வெடி வைத்துத் தளர்த்தியபின் அகழும் முறையையும் கைக்கொண்டனர்.

பழுதை மட்டும் நீக்குதல் ஒன்று. பழுதின் வேரைக் கண்டு களைதல் மற்றொன்று. மாபெரும் பொறிகளுக்குப் பொருந்தும் இவ்வுண்மை நாள்தோறும் சாலையில் நாம் காணும் காருக்கும் பொருந்தும். காரின் எஞ்சினில் பிஸ்டன் பழுதுபடுவதையும் அதனைச் செப்பனிடும் முறையையும் அறிந்தால் இது நன்கு விளங்கும்.

எஞ்சினுள் உருளைகள் சில உண்டு. ஒவ்வோர் உருளையினுள்ளும் கவிழ்த்த குவளை போன்ற பிஸ்டன் மேலும் கீழும் இயங்கும். முதலில் அது கீழிறங்கிக் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே ஈர்க்கும்; பின் மேலேறி அக்கலவையை அழுத்தும்; மின்பொறியால் கலவை எரிந்து விரியும்போது விசையுடன் கீழே தள்ளப்படும்; மீண்டும் மேலேறிப் புகையை வெளியேற்றும். இந்நான்கு செயல்களும் முறையே நிகழும் எஞ்சினை 1876ஆம் ஆண்டில் செருமானியரான நிக்கோலாசு ஆட்டோ என்பார் வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தை ஓர் இணைப்புத் தண்டு, 'கிராங்க்' எனப்படும் வளைதண்டுக்குச் செலுத்திச் சுழற்சியாக மாற்றுகிறது. அச்சுழற்சியே சக்கரங்களை உருட்டுகிறது.

எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது, பிஸ்டன் ஒரு நொடியில் ஐம்பது முறை ஏறி ஐம்பது முறை இறங்குகிறது. உருளையில் எரியும் வாயுவின் வெப்பம் 2000 பாகை செல்சியசுக்கும் மேற்படும். பிஸ்டனோ பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். அவ்வாறாயின் பிஸ்டன் உருகாமல் இருப்பது எங்ஙனம்?

அதனைக் காப்பன மூன்று. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் என்னும் வளையங்கள், அதன் வெப்பத்தை உருளையின் சுவருக்குக் கடத்துகின்றன. சுவரைச் சூழ்ந்தோடும் தண்ணீர் அவ்வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டு செல்கிறது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே படரும் எண்ணெய் உராய்வைத் தடுக்கிறது. காற்று வடிகட்டி, புழுதி உட்புகாமல் காக்கிறது. தண்ணீர், எண்ணெய், தூய காற்று ஆகிய இம்மூன்றனுள் ஒன்று குறையினும் பிஸ்டனுக்குக் கேடு வரும்.

கோடை நண்பகலில் குறிஞ்சிப்பாடியிலிருந்து கடலூர் நோக்கி ஒரு வாடகைக் கார் செல்வதாகக் கொள்வோம். ரேடியேட்டரின் இரப்பர்க் குழாயில் சிறு வெடிப்பு ஏற்பட்டுத் தண்ணீர் கசிகிறது. வெப்பங் காட்டும் முள் உயர்கிறது. ஓட்டுநர் அதனைப் பொருட்படுத்தாது செல்கிறார். வெப்பத்தால் பிஸ்டன் பருக்கிறது. எண்ணெய்ப் படலம் அறுபடுகிறது. பிஸ்டன் சுவரைப் பற்றிக்கொள்கிறது. எஞ்சின் நின்றுவிடுகிறது. அந்நாளைய வருவாய் போயிற்று. வண்டி பட்டறையிலிருந்து மீளும்வரை அவர்தம் குடும்பத்தின் வருவாயும் நின்றது. சில ரூபாய் பெறும் குழாயைக் கவனியாமை பல்லாயிரம் ரூபாய்ச் செலவில் கொண்டுபோய் விட்டது.

பட்டறையில் தேர்ந்த மெக்கானிக் முதலில் எண்ணெயையும் தண்ணீரையும் வடிப்பார். உருளைத் தலையின் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுநோக்கித் தளர்த்தித் தலையைக் கழற்றுவார். அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியை அகற்றுவார். பின் பிஸ்டன்களை வெளியே எடுப்பார். எடுத்த பிஸ்டனை உடனே எறிந்துவிட மாட்டார். அது அவருக்கு ஏடு போன்றது. பக்கங்களில் நெடுக்காகக் கீறல்கள் இருப்பின், எண்ணெய் குறைந்தது அல்லது வெப்பம் மிகுந்தது என்று அறிவார். தலைப்பகுதி உருகித் துளைபட்டிருப்பின், எரிதல் முறைகெட்டது என்று உணர்வார். வளையங்கள் மழுங்கித் தேய்ந்திருப்பின், புழுதி புகுந்ததோ என்று வடிகட்டியை நோக்குவார்.

அடுத்து, உருளையின் விட்டத்தை நுண்ணளவியால் அளப்பார். சுவர் கீறுபட்டிருந்தால் லேத்துப் பட்டறையில் அதனைச் சிறிது அகலமாகக் கடைந்து மெருகிடுவர். அகன்ற அளவுக்கேற்பச் சற்றே பெரிய பிஸ்டனைப் பொருத்துவர். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே இருக்கவேண்டிய வெளி, தலைமயிரின் பருமனைவிடக் குறைவானது. வளையத்தின் இரு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியையும் மெல்லிய தகடுகளால் அளந்து சரிபார்ப்பர். எண்ணெய் செல்லும் வழிகளில் உலோகத் துகள் ஒன்றும் தங்காதவாறு கழுவுவர். புதிய கேஸ்கட்டை இட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் படிப்படியாக இறுக்குவர். இவையனைத்தும் செய்தும் வெடித்த குழாயை மாற்றாது விட்டால், புதிய பிஸ்டனும் பழைய பிஸ்டனின் வழியே செல்லும்.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் அரிதாயிற்று. அக்காலத்தில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் பல கரிவாயுவால் ஓடின. வண்டியோடு இணைத்த கலத்தில் அடுப்புக்கரியை எரித்து, அதினின்று எழும் வாயுவை எஞ்சினுக்குச் செலுத்தினர். இதற்குரிய கருவிகளை டி. வி. எஸ். நிறுவனத்தார் செய்தளித்தனர். வாயுவோடு வரும் சாம்பலும் துகளும் உருளைக்குள் புகுந்தால் சுவரையும் வளையங்களையும் தேய்த்துவிடும். ஆதலின், வாயுவைக் குளிர்வித்து வடிகட்டுதல் இன்றியமையாததாயிற்று. பிஸ்டனை மாற்றிக்கொண்டே இருப்பதினும் துகளைத் தடுப்பதே அறிவுடைமை என்பதனை அக்காலம் கற்பித்தது.

பொறியின் உட்புறத்தைக் கண்டறியும் ஆர்வம் ஒருவரை எவ்வளவு உயர்த்தும் என்பதற்குக் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு சான்றாவார். 1893ஆம் ஆண்டில் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், உணவு விடுதியில் வேலை செய்து பொருள் சேர்த்து, ஆங்கில அதிகாரி ஒருவரிடமிருந்து மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் அதனைப் பிரித்து, உறுப்புகளை ஆராய்ந்து, மீண்டும் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கிய அவர், பிற்காலத்தில் பெரும் போக்குவரத்து நிறுவனத்தை நடத்தினார். பிரித்துப் பார்த்தல் அழித்தல் அன்று. அறிதற்கு அதுவே வாயில் என்பதனை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

இந்நாளில் மின்சாரத்தால் ஓடும் கார்கள் வந்துவிட்டன. அவற்றில் பிஸ்டன் இல்லை. பழுது மட்டும் உண்டு. நோய் இன்னதென்று தெளிந்து, அதற்குக் காரணத்தையும் அறிந்து, தீர்க்கும் வழியைத் தேர்ந்து, அதன்பின்னரே மருத்துவர் செயற்படவேண்டும் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வைத்தார். அது உடலுக்கு உரைத்த நெறியாயினும் எஞ்சினுக்கும் பொருந்துகிறது. தேர்வில் ஒரு கணக்குத் தவறிய மாணவர் சரியான விடையை மட்டும் பார்த்து எழுதிக்கொள்வது, குழாயை விட்டுப் பிஸ்டனை மாற்றுவது போன்றதாகும். எந்த வரியில், எதனால் தவறினோம் என்று காண்பவரே மறுமுறை அக்கணக்கை வெல்வர்.