போக்கி மெஷினுக்கு ஞாபகம் கிடையாது

சிட்னியின் மேற்குப் புறத்தில் ஒரு கிளப். இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டோம். எனக்குத் தெரிந்த ஓர் அண்ணை மட்டும் போக்கி எனப்படும் சூதாட்ட மெஷின்கள் இருக்கும் அறையை விட்டு வரவில்லை. கூப்பிடப் போனேன். "பொறு தம்பி. ரெண்டு மணித்தியாலமா இது ஒண்டும் தரேல்லை. இப்ப நான் எழும்பினா அடுத்தவன் வந்து அள்ளிக்கொண்டு போவான்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். படித்தவர். வீட்டுக் கடனை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டுபவர். இந்த மெஷின்களைப் பற்றி அவரைப் போன்றவர்கள் நம்புவதைத்தான் இங்கே எடுத்துப் பார்க்கிறேன்.

நம்பிக்கை: நெடுநேரம் கொடுக்காத மெஷின் இனிக் கொடுக்கும்.

உண்மை: உள்ளே ஒரு நிரல் ஓயாமல் எண்களை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. பொத்தானை அழுத்தும் கணத்தில் அகப்படும் எண்ணே முடிவு. உருளைகள் சுழன்று நிற்பது அந்த முடிவைக் காட்டும் படம் மட்டுமே. போன ஆட்டத்தில் என்ன நடந்தது என்பது அடுத்த ஆட்டத்துக்குத் தெரியாது. அண்ணை எழும்பிய பிறகு வேறொருவர் வென்றாலும், அண்ணை போட்ட காசு பழுத்து அவர் மடியில் விழுந்தது என்று அர்த்தமில்லை.

நம்பிக்கை: கூட்டம் வரும் வெள்ளி இரவில் கிளப்காரர்கள் பின்னால் ஒரு சுவிட்சைத் தட்டிவிடுவார்கள்.

உண்மை: நியூ சவுத் வேல்ஸ் கிளப்களில் இந்த மெஷின்கள் 1956 முதல் சட்டப்படி ஓடுகின்றன. இன்று அவற்றின் மென்பொருளுக்கு அரசின் ஒப்புதல் வேண்டும். மெஷின்கள் மையக் கண்காணிப்பு அமைப்போடு இணைந்திருக்க வேண்டும். மோசடியே நடக்காது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் நெவாடாவில் மெஷின்களைச் சோதிக்க வேண்டிய அரசு அலுவலர் ரான் ஹாரிஸே சில்லுகளில் கைவைத்தார், 1995இல் பிடிபட்டார். ஆனால் கிளப்புக்கு அந்தச் சுவிட்சு தேவையே இல்லை. ஏன் என்பதை அடுத்த கணக்கில் பாருங்கள்.

நம்பிக்கை: 87 விழுக்காடு திரும்பி வரும், 100 டாலரோடு போனால் 13 டாலர்தான் போகும்.

உண்மை: விக்டோரியாவில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 87 விழுக்காடு, நியூ சவுத் வேல்ஸில் 85. இது பணப்பையில் கொண்டுபோன காசுக்கான கணக்கல்ல, அழுத்திய ஒவ்வொரு பந்தயத்தையும் கூட்டிய தொகைக்கான கணக்கு. ஐந்து விநாடிக்கு ஒருமுறை, ஒரு டாலர் வீதம் அழுத்துங்கள். மணிக்கு 720 முறை, 720 டாலர் பந்தயம். அதில் 13 விழுக்காடு 93 டாலர் 60 சதம். வென்றதையும் திரும்பத் திரும்பப் போடுவதால், கொண்டுபோன நூறு டாலர் சராசரியாக ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ முழுவதும் கரைந்துவிடும். மெஷின் சட்டத்தை எள்ளளவும் மீறியிருக்காது.

நம்பிக்கை: விளக்கு மின்னி இசை வந்தால் வென்றுவிட்டோம்.

உண்மை: அன்று அண்ணையின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். 50 வரிசை, வரிசைக்கு ஒரு சதம். ஒரு அழுத்துக்கு 50 சதம். இரண்டு வரிசைகள் பொருந்தின. மணி அடித்தது, திரையில் பொன்காசுகள் கொட்டின, அண்ணை முகம் மலர்ந்தது. வந்தது 20 சதம். முப்பது சதம் தோற்றதற்குத்தான் அத்தனை மேளதாளமும். தோல்வியை வெற்றி போல உடுத்திக் காட்டும் இந்த வேலைதான் எனக்குப் பெரிய கோபத்தைத் தருகிறது.

நம்பிக்கை: அரசு அனுமதித்திருக்கிறது, ஆகவே நியாயமான ஆட்டம்.

உண்மை: 'டால்ஃபின் டிரெஷர்' என்ற மெஷினை எதிர்த்து, முன்பு போக்கிக்கு அடிமையாயிருந்த ஒரு பெண் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். அதன் ஐந்து உருளைகளில் நான்கில் 30 சின்னங்கள், ஐந்தாவதில் 44. திரையில் பார்த்தால் ஐந்தும் ஒன்றுபோலவே தெரியும். இது ஏமாற்று என்றார். 2018இல் வழக்குத் தள்ளுபடியானது. சட்ட மீறல் நிரூபிக்கப்படவில்லை. ஆட்டம் விதிப்படி நடக்கிறதா என்பதை அரசு பார்க்கிறது. அந்த விதியே ஆடுபவரைத் தோற்க வைக்கத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

விதியை மாற்றவும் முடியும். பிரிட்டன் 2019இல் பந்தயக் கடை மெஷின்களில் ஒரு ஆட்டத்தின் உச்சத் தொகையை 100 பவுண்டிலிருந்து 2 பவுண்டாக இறக்கியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் சூதாட்ட விடுதியைத் தவிர வேறெங்கும் இந்த மெஷின்கள் கிடையாது. நியூ சவுத் வேல்ஸிலோ ஓர் அழுத்துக்கு 10 டாலர் வரை போடலாம்.

உங்கள் வீட்டிலும் ஓர் அண்ணை இருந்தால் அவரைத் திட்டாதீர்கள், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். தம்மை உள்ளே விடவேண்டாம் என்று கிளப்பிடம் அவரே எழுதிக் கொடுக்க வழியிருக்கிறது. 1800 858 858 என்ற எண்ணில் நாள் முழுவதும் இலவச உதவி கிடைக்கும். தமிழில் பேச வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.