குரல் தளரும் வயதில் சிவப்பு விளக்கு வாங்கலாமா?

அறுபது, அறுபத்தைந்தைத் தாண்டிய பலருக்குக் குரலில் காற்று கலந்துவிடுகிறது. போனில் பேசினால், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்கிறார்கள். கல்யாண மண்டபத்து இரைச்சலில் பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடக் கேட்பதில்லை. சாயங்காலமானால் தொண்டை ஓய்ந்துபோகிறது. இதற்கு ஒளி சிகிச்சை உதவும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கழுத்தில் கட்டிக்கொள்ளும் சிவப்பு எல்இடி பட்டைகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. சருமச் சுருக்கத்துக்கென்று விற்கப்படுவதையே தொண்டைக்கும் ஆகும் என்று நம்பி வாங்குகிறவர்களும் உண்டு.

வாங்குவதற்கு முன், உள்ளே நடப்பது என்ன என்று பார்க்க வேண்டும். வயதானால் குரல் நாண்களுக்குள் இருக்கும் தசை மெலிகிறது. மேலே போர்த்தியிருக்கும் மென்படலம் நெகிழ்வை இழக்கிறது. பேசும்போது ஒன்றோடொன்று சேர வேண்டிய இரண்டு நாண்களும் நடுவில் வில்லாக வளைந்து இடைவெளி விட்டு நிற்கின்றன. அந்த இடைவெளி வழியாகக் காற்று வீணாகப் போகிறது. நுரையீரலின் உந்துதலும் முன்போல் இல்லை. ஆண்களுக்குக் குரல் சற்றே மேலேறி மெல்லியதாகும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு நாண் தடித்து, சுருதி இறங்கும். ஐந்தரைக் கட்டையில் பாடிய பாட்டி நாலரைக்கு வருவது அதனால்தான்.  

ஆக, சிக்கலின் மையம் நாண்களுக்கு நடுவே விழும் ஓர் இடைவெளி. எந்தச் சிகிச்சையானாலும் அது அந்த இடைவெளியை என்ன செய்யும் என்று கேளுங்கள்.

ஒளியின் கதை பொய்க்கதை அல்ல. புடாபெஸ்டில் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் 1960-களில் எலிகளின் மேல் குறைந்த சக்தி லேசரைப் பாய்ச்சியபோது, மழித்த இடத்தில் முடி சீக்கிரம் வளர்ந்தது. சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் உயிரணுக்களின் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டி வீக்கத்தைத் தணிக்கின்றன என்பது இன்றைய விளக்கம். புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணுக்கு இந்த முறையைப் பன்னாட்டு வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. ஆனால் வாய்ப்புண் மேற்பரப்பில், ஒளி நேராகப் படும் இடத்தில் இருக்கிறது. குரல் நாணோ தோல், கொழுப்பு, தசை, குருத்தெலும்பு எல்லாவற்றுக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. அந்தக் குருத்தெலும்பும் வயதாக ஆக எலும்பாக இறுகுகிறது. கழுத்தில் படும் ஒளியில் சிறு பங்குதான் உள்ளே சேரும்.

குரலில் ஒளியைச் சோதித்த ஆய்வுகளில் தென்படும் பலன் பெரும்பாலும் களைப்பைப் பற்றியது. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல குரல் உள்ளவர்களை ஓங்கிப் பேசவைத்துத் தொண்டையைச் சோர்வாக்கிவிட்டு, கழுத்தில் ஒளி செலுத்திப் பார்த்தார்கள். சிவப்பு ஒளி பெற்றவர்களின் குரல் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியது. ஆய்வு சிறியது, பங்கேற்றவர்கள் குரல் மெலிந்த முதியவர்களும் அல்லர். மெலிந்த தசை ஒளியால் திரும்பத் தடித்தது என்று காட்ட இந்த வகை ஆய்வு போதாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஈஎன்டி மருத்துவர் "லேசர்" என்றால் பெரும்பாலும் வேறொன்றைச் சொல்கிறார். கேடிபி லேசரின் 532 நானோமீட்டர் பச்சை ஒளி, நாணில் உள்ள மருக்களின், பாலிப்புகளின் இரத்தக் குழாய்களைப் பொசுக்கும். கார்பன் டை ஆக்சைடு லேசர் வெட்டும். வளர்ந்ததை நீக்கத்தான் இவை பயன்படுகின்றன. மெலிந்த நாணுக்கு இவற்றால் ஆகக்கூடியது எதுவும் இல்லை.

அடுத்தது பயிற்சி. இதுதான் முதலிடம் பெற வேண்டியது என்பது என் கருத்து. ஒரே ஸ்வரத்தை மூச்சு உள்ளவரை நீட்டிப் பிடிப்பது, கீழிருந்து மேலே வழுக்கிப் போவது, ஸ்ட்ரா வழியாக "ஊ" என்று ஒலி எழுப்புவது, ஓங்கிய குரலில் வாக்கியங்கள் சொல்வது எல்லாமே நாண்களைச் சேரப் பழக்கும். படுத்திருந்து தளர்ந்த காலை நடந்து தேற்றுவது மாதிரிதான். 2014-இல் வெளியான ஒரு சிறிய ஒப்பீட்டில், நான்கு வாரம் பயிற்சி எடுத்த முதியவர்கள் குரலால் வரும் அன்றாடச் சிரமம் குறைந்ததாகச் சொன்னார்கள். சும்மா இருந்த குழுவில் மாற்றம் இல்லை. குறை ஒன்றுதான்: தினமும் செய்ய வேண்டும். விட்டால் குரலும் விட்டுவிடும். கற்றுத்தருபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஸ்பீச் தெரபிஸ்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியால் மூடாத அளவுக்கு இடைவெளி பெரிதாக இருந்தால் நாணைப் பருக்கவைக்கும் ஊசி உண்டு. ஊசியில் ஏற்றும் பொருள்களில் சில இரண்டு மூன்று மாதத்தில் கரைந்துவிடும், சில ஓராண்டு வரை நிற்கும். கரையும் ஊசியை முதலில் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். பலன் பிடிக்காவிட்டால் தானே போய்விடும். பிடித்துப்போனால் நிரந்தர வழி தைரோபிளாஸ்டி. கியோட்டோவின் மருத்துவர் நொபுஹிகோ இஷிகி 1974-இல் வகுத்துத் தந்த அறுவை இது. கழுத்துக் குருத்தெலும்பில் சிறு ஜன்னல் திறந்து நாணை உள்நோக்கித் தள்ளுகிறார்கள். நோயாளியை மேசையிலேயே பேசச் சொல்லிக் கேட்டபடி அளவைச் சரிசெய்ய முடிகிறது. தினமும் குரலை நம்பிப் பிழைக்கும் ஆசிரியருக்கோ ஓதுவாருக்கோ இது பொருந்தலாம். பேரனோடு பேசினால் போதும் என்பவர் அறுவை வரை போக வேண்டியதில்லை.

எதற்கும் முன்னால் பரிசோதனை. நான்கு வாரத்தில் தெளியாத குரல் கம்மலுக்குக் குரல்வளையைக் கேமராவால் பார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க ஈஎன்டி மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல். புகைபிடித்தவர், விழுங்கச் சிரமப்படுபவர், சளியில் இரத்தம் கண்டவர் நான்கு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. வயதின் கோளாறு என்று நினைப்பது புற்றாகவோ, நரம்புச் செயலிழப்பாகவோ, பார்க்கின்சனின் தொடக்கமாகவோ இருக்கலாம். கண்டறியாத கட்டியின் மேல் ஒளி பாய்ச்சுவது ஆபத்தாகலாம். பட்டை கட்டும் கழுத்தில்தான் தைராய்டு சுரப்பியும் இருக்கிறது என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். பரிசோதனை முடிந்து, பயிற்சியும் நடக்கும்போது, மருத்துவர் சம்மதித்தால் களைப்புக்காக ஒளியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போதும் அலைநீளத்தையும் ஒளியின் அளவையும் எழுதித் தராத கருவியை வாங்காதீர்கள். அளவு கூடினால் பலன் கூடாது, குறையவும் செய்யும்.

பட்டைக்கென்று எடுத்து வைத்த பணம் கையில் இருந்தால், முதலில் அதை நாண்களின் அசைவைக் கேமராவில் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோபி பரிசோதனைக்கும் சில பயிற்சி அமர்வுகளுக்கும் செலவழியுங்கள். மிச்சம் இருந்தால் பட்டையைப் பற்றி யோசிக்கலாம்.