முடிவை மட்டும் சொல்லிடாதீங்க: நம்ம ஊர் தொழிலைப் பாடமாக எழுதுவது எப்படி?

வணிகவியல், மேலாண்மை படிக்கும் பிள்ளைகளுக்கு 'கேஸ் ஸ்டடி' என்றொரு பாடமுறை உண்டு. ஒரு தொழிலின் உண்மை நிலவரத்தைக் கொடுத்து, "இந்த இடத்தில் நீங்க இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனி கதைதான் வரும். பெரம்பலூர் சின்ன வெங்காயமும் அரியலூர் மாவட்டத்து முந்திரியும் ஏன் வரக்கூடாது? தாராளமாக வரலாம். அதை நீங்களே எழுதலாம்.

வெற்றிக் கதை வேறு, கேஸ் வேறு

"கஷ்டப்பட்டார், உழைத்தார், ஜெயித்தார்" என்பது வெற்றிக் கதை. படிக்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் வகுப்பில் பேச ஒன்றும் மிஞ்சாது. பாடத்துக்கான கேஸ், முடிவெடுக்க வேண்டிய நாளோடு நின்றுவிட வேண்டும். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1921-ல் எழுதப்பட்ட முதல் கேஸ் ஒரு ஷூ கம்பெனியைப் பற்றியது. வேலை நேரம் முடிய 45 நிமிடம் இருக்கும்போதே சில தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். ஏன், என்ன செய்யலாம்? விடையை மாணவர்களே தேட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஆலத்தூர் வட்டத்தில் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பர் முதல் வாரம். 1,000 கிலோ சின்ன வெங்காயம் கையில் இருக்கிறது. அவருக்கு மூன்று வழிகள்: இப்போதே வியாபாரிக்குக் கொடுப்பது, பட்டறை போட்டு வைத்து விலை ஏறும்போது விற்பது, அடுத்த நடவுக்கு விதைக் காயாக வைத்துக்கொள்வது. ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதை வெங்காயம் தேவை. எல்லாத்தையும் வித்துட்டா, நடவு நேரத்தில் அன்றைய விலைக்கு வாங்க வேண்டிவரும்.

இனி கணக்கு. புரிவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். இன்றைய விலை கிலோ 30 ரூபாய் என்றால் கைக்கு வருவது 30,000. மூன்று மாதம் பட்டறையில் வைத்தால் காய்ந்தும் அழுகியும் கால்பங்கு குறைந்து 750 கிலோ நிற்கும். பட்டறைச் செலவு, ஆள்கூலி 3,000 ரூபாய். அப்படியானால் 33,000-ஐ 750-ஆல் வகுக்க, கிலோவுக்கு 44 ரூபாய் கிடைத்தால்தான் இன்று விற்றதற்குச் சமம். கடன் வட்டி இருந்தால் இன்னும் ஏறும். "விலை ஏறும், பொறுத்திரு" என்று சும்மா சொல்வதற்கும், "44-க்கு மேல் போகுமா?" என்று கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

பின்னால் நடந்ததை முன்னால் எழுதக் கூடாது

2019 செப்டம்பர் 29-ல் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆனாலும் டிசம்பரில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. இந்த இரண்டும் செப்டம்பர் முதல் வாரத்தில் அந்த விவசாயிக்குத் தெரியாது. அதனால் கேஸுக்குள் அவை வரக்கூடாது. ஆசிரியருக்கான தனிக் குறிப்பில் எழுதுங்கள்; விவாதம் முடிந்த பிறகு அவர் சொல்லட்டும்.

அப்போதும் "பட்டறை போட்டதுதான் சரி" என்று முடித்துவிடக் கூடாது. இன்னொரு வருஷம் விலை சரிந்திருக்கலாம். கையில் இருந்த தகவலை வைத்து யோசித்து எடுத்த முடிவா, இல்லை குருட்டு அதிர்ஷ்டமா? மாணவர்கள் கற்க வேண்டியது இதைப் பிரித்துப் பார்ப்பதைத்தான்.

தகவல் திரட்டுவது எப்படி?

1. உழவன் செயலியில் சந்தை விலை பார்க்கலாம். தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.
2. விவசாயியிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். வியாபாரி, வட்டார தோட்டக்கலை அலுவலர் ஆகியோரிடமும் கேளுங்கள். மூவரும் சொல்வது வேறுபட்டால் மூன்றையும் எழுதுங்கள்.
3. பேச்சைப் பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். எழுதி முடித்ததும் அவரிடம் படித்துக் காட்டி, எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள்.
4. விருப்பப்படாவிட்டால் பெயரையும் ஊரையும் மாற்றிவிடலாம். மாற்றியிருப்பதைக் கேஸிலேயே குறிப்பிடுங்கள்.
5. இரண்டு, மூன்று பக்கம் போதும். கடைசியில் மூன்று கேள்விகள் வையுங்கள்.

வேறு எதை எழுதலாம்?

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆர்டர் வந்தபின் செதுக்குவதா, முன்கூட்டியே செய்து வைத்து ஆன்லைனில் விற்பதா? ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரியைக் கொட்டையாகவே கொடுப்பதா, உடைத்துப் பருப்பாக்கி விற்பதா? சிமென்ட் ஆலைகளுக்குப் பேர்போன அரியலூரில், லாரி வைத்திருப்பவர் ஒரே ஆலையை நம்பி இன்னொரு வண்டி வாங்கலாமா? ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் ஒரு வருஷ வருமானம் அடங்கியிருக்கிறது.

எழுதி முடித்ததும் ஒரு சின்னச் சோதனை. வீட்டில் இரண்டு பேரிடம் தனித்தனியாகப் படிக்கக் கொடுங்கள். இருவரும் யோசிக்காமல் ஒரே பதிலைச் சொன்னால், முடிவை நீங்களே எங்கோ சொல்லிவிட்டீர்கள், திருத்தி எழுதுங்கள். இருவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி வாக்குவாதம் செய்தால், கேஸ் தயார். பக்கத்துக் கல்லூரியின் வணிகவியல் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.