கொல்லையில் ஒரு பீட்சா அடுப்பு

சொந்தமாக பீட்சா அடுப்பு கட்டுபவர்கள் பெரும்பாலும் குவிமாடத்தின் அழகுக்குத்தான் மெனக்கெடுகிறார்கள். காசைப் போட வேண்டிய இடம் தளத்துக்கு அடியில். அங்கே வெர்மிகுலைட் கலவையோ காலி கண்ணாடி பாட்டில்களோ பரப்பி, மேலே தீச்செங்கல் பதியுங்கள். இல்லையென்றால் சூடு கீழே இறங்கிவிடும்; பீட்சாவின் மேல்பக்கம் கருகும், அடிப்பக்கம் வேகாது.

நெருப்பு படும் இடத்தில் சாதாரண சிமெண்ட் வேண்டாம், உதிர்ந்துவிடும். ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு, மூன்று பங்கு மணல் போதும். வெளிப்பூச்சில் வைக்கோல் கலந்தால் சூடு தங்கும். கூழாங்கல் சேர்க்கவே கூடாது. ஈரம் ஏறிய கல் சூட்டில் வெடிக்கும்.

வாசல் உயரம், குவிமாடத்தின் உள் உயரத்தில் சுமார் 63 சதவீதம். கூடினால் சூடு வெளியேறும், குறைந்தால் புகை சூழும்.

கட்டியவுடன் பீட்சா போட கை துறுதுறுக்கும். பொறுங்கள்! ஒரு வாரம் சிறு தீயாக மூட்டி ஈரத்தை வற்றவிடுங்கள். மெல்லிய விரிசல்கள் சகஜம்தான். களிமண் பூசினால் சரியாகிவிடும்.

உள்சுவரில் படிந்த கரி எரிந்து வெளுத்தால் அடுப்பு தயார். சுமார் 450 டிகிரி செல்சியஸில் நேப்பிள்ஸ் பாணி பீட்சா 60 முதல் 90 விநாடியில் வெந்துவிடும். அந்த நேரத்தில் போனை எடுக்காதீர்கள்.