ஒரு சாவிக்கு மூன்று பெயர்

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பி.காம். முடித்துவிட்டு மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படிக்கிறாய். மெக்சிகோ கம்பெனிகளின் கணக்கு பார்க்கும் அலுவலகத்தில் வேலை தேடுகிறாய். நல்லது. 'ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் பத்து ஸ்பானிஷ் சொல் போட்டிருக்கிறார்கள். எதை எடுப்பது?' என்று கேட்டிருந்தாய். ஸ்பானிஷ் வகுப்பில் உட்காரும் எல்லோரும் இரண்டாம் மாதத்தில் கேட்கும் கேள்விதான் இது.

பம்பாய் விக்ரோலியில் இருப்பவளுக்கு இதை 'கீ' என்ற சொல்லிலிருந்து சொல்வதுதான் வசதி. 1897-இல் பம்பாயின் லால்பாகில் பூட்டு செய்யத் தொடங்கிய கோத்ரெஜ், பிறகு உங்கள் பகுதியில் பெரிய தொழிற்பேட்டையே அமைத்தது. 1955-இல் அதே கம்பெனி தட்டச்சுப் பொறியும் தயாரித்தது. பூட்டைத் திறப்பதும் ஆங்கிலத்தில் கீ, தட்டச்சுப் பொறியில் விரல் படுவதும் கீ. ஸ்பானிஷ்காரருக்கு இரண்டும் வேறு வேறு. பூட்டுக்கு உரியது 'யாவே'. பொறியிலும் பியானோவிலும் இருப்பது 'தெக்லா'. ரகசியக் குறியீடு, கடவுச்சொல், ஒரு விஷயத்தின் சூட்சுமம் என்றால் 'க்லாவே'. இதில் ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டு, "இந்தக் கணினியில் ஒரு யாவே உடைந்துவிட்டது" என்று மெக்சிகோவுக்கு மெயில் அனுப்பினால், அங்கிருப்பவர் சற்று நேரம் குழம்பித்தான் போவார். அவர் ஊரில் தண்ணீர்க் குழாயின் திருகும் யாவேதான். மெக்கானிக்கின் ஸ்பானரும் யாவேதான்.

இந்த மூன்றில் ஒன்று உன் வீட்டிலேயே இருக்கிறது. நம்முடைய 'சாவி' போர்ச்சுகீசிய 'ஷாவே'யிலிருந்து வந்தது. மராத்தியின் 'சாவி'யும் இந்தியின் 'சாபி'யும் அப்படி வந்தவைதான். போர்ச்சுகீசிய ஷாவேயும் ஸ்பானிஷ் யாவேயும் லத்தீனின் 'க்லாவிஸ்' பெற்ற பிள்ளைகள். 'க்லாவே' அதே லத்தீனிலிருந்து படித்தவர்கள் பிற்பாடு எடுத்துக்கொண்ட வடிவம். 'மேசை'யும் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்ததுதான். ஸ்பானிஷிலும் அது 'மேசா'வே. அதற்காக எல்லாவற்றையும் நம்பிவிடாதே. 'ஜன்னல்' போர்ச்சுகீசியத்தோடு நின்றுவிட்டது. ஸ்பானிஷில் அது 'வென்தானா'. ஆங்கில 'டேபிள்' எல்லா இடத்திலும் மேசா ஆகாது. எண்களை வரிசையாகப் போட்ட அட்டவணை 'தாப்லா'. பள்ளியில் ஒப்பித்த வாய்ப்பாடும் தாப்லாதான்.

இனி நீ போகப்போகும் கணக்கு உலகத்துக்கு வருவோம். ஓட்டலில் சாப்பிட்ட பிறகு வரும் பில் 'குவென்தா'. சரக்கு விற்ற கம்பெனி அனுப்பும் பில் 'ஃபக்தூரா'. நாடாளுமன்றத்தில் வைக்கும் பில் 'ப்ரோயெக்தோ தே லெய்', அதாவது சட்டத்துக்கான திட்டம். அமெரிக்கர் சொல்லும் டாலர் பில் 'பியேதே'. தமிழில் நாமும் பில், மசோதா, நோட்டு என்று தனித்தனியாகத்தான் சொல்கிறோம். அந்த இடத்தில் தமிழில் என்ன சொல்வோம் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

'பேலன்ஸ்' எடுத்துக்கொள். கணக்கில் மீதமிருக்கும் தொகை 'சால்தோ'. சொத்தும் கடனும் காட்டும் ஆண்டு அறிக்கை 'பலான்சே'. கயிற்றின் மேல் நடப்பவன் தவறவிடக் கூடாதது 'எக்கிலிப்ரியோ'. 'அவுட்ஸ்டாண்டிங்' இதைவிடப் பொல்லாதது. பணம் வராமல் நிற்கும் ஃபக்தூரா 'பெந்தியென்தே', நம் பாஷையில் நிலுவை. மிகச் சிறந்த மாணவி 'சோப்ரேசாலியென்தே'. ஸ்பெயின் பள்ளிகளில் உயர்ந்த மதிப்பெண் தரத்துக்கே அந்தப் பெயர்தான். நிலுவைப் பட்டியலுக்கு மேல் சோப்ரேசாலியென்தே என்று எழுதினால், கடன்காரர்களுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது போலாகிவிடும்.

'ஆர்டர்' என்ற சொல்லில் பாலும் சேர்ந்துகொள்கிறது. கடையில் கொடுக்கும் ஆர்டர் 'பெதீதோ'. மேலதிகாரி போடும் ஆணை 'லா ஓர்தென்', பெண்பால். அகரவரிசை போன்ற வரிசைமுறை 'எல் ஓர்தென்', ஆண்பால். சொல் ஒன்றே, முன்னால் நிற்கும் எல், லா தான் பொருளைப் பிரிக்கிறது. இதே போல 'எல் கபிதால்' மூலதனம், 'லா கபிதால்' தலைநகரம். உயிரில்லாத பொருளுக்கு ஆண், பெண் பார்க்கும் பழக்கம் தமிழில் கிடையாது. ஆனால் நீ பம்பாய்ப் பெண். இந்தியிலும் மராத்தியிலும் தினமும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறாய்.

சில சொற்களை ஸ்பானிஷ் பிரிக்காமலும் விட்டுவிடும். ஆங்கில 'இன்ட்ரஸ்ட்'டுக்குத் தமிழில் வட்டி ஒன்று, ஆர்வம் ஒன்று. ஸ்பானிஷிலோ இரண்டுக்கும் 'இன்தெரேஸ்' ஒன்றே போதும். 'சொலெதாத்' என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. அதைத் தலைப்பில் கொண்ட, காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் புகழ்பெற்ற நாவல் 1967-இல் வந்தது. 1970-இல் கிரெகரி ரபாசா அதை ஆங்கிலமாக்கினார். சொலெதாத் என்றால் தானாக விரும்பித் தனித்திருப்பதும் உண்டு, ஆளில்லாமல் வாடுவதும் உண்டு. ஆங்கிலத்தில் அவை இரண்டு சொற்கள். ரபாசா ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விட்டுவிட வேண்டியிருந்தது. தமிழில் வந்தபோது 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்று தலைப்பு வைத்தார்கள். தமிழ்த் 'தனிமை' அந்த இரண்டையும் சேர்த்தே தாங்கும். ஆங்கிலத்தில் விட்டுப்போனது தமிழில் திரும்பக் கிடைத்துவிட்டது.

இங்கேதான் உனக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் வருகிறது. வகுப்பில் பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால், ஸ்பானிஷுக்குப் போகும் பாதையே ஆங்கிலம் வழியாகத்தான் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். நீ அப்படி நினைக்காதே. ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் அது எந்தக் காரியத்தைச் சொல்கிறது என்று தமிழிலோ இந்தியிலோ ஒரு முறை சொல்லிப் பார். அதன் பிறகு ஸ்பானிஷைத் தேடு.

'டைம்' என்ற சொல்லில் சோதித்துப் பார்க்கலாம். 'நேரமில்லை' என்பதில் வரும் நேரம் 'தியெம்போ'. 'மூன்று தடவை' என்பதில் வரும் தடவை 'வேஸ்', பன்மையில் 'வேசெஸ்'. 'மணி என்ன?' என்று கேட்கும்போது அது 'ஓரா'. 'அந்தக் காலத்தில்' என்றால் 'ஏப்போகா'. ஆங்கிலம் நான்கு இடத்திலும் ஒரே சொல்லோடு நிற்க, தமிழும் ஸ்பானிஷும் நான்காகப் பிரிகின்றன. 'ப்ளே' கூட அப்படித்தான். கிரிக்கெட் 'விளையாடு' என்றால் 'ஹுகார்', வீணை 'வாசி' என்றால் 'தோக்கார்'. 'சேவ்' என்றால்? ஆற்றில் விழுந்தவனைக் காப்பாற்றுவது 'சல்வார்', பணம் சேமிப்பது 'அஓர்ரார்', கணினியில் கோப்பைப் பத்திரப்படுத்துவது 'குவார்தார்'. 'கார்னர்' பற்றி விக்ரோலிக்காரிக்குச் சொல்லவே வேண்டாம். நாக்காவில் ரிக்ஷா நிற்பது 'எஸ்கினா', வீட்டுக்குள் துடைப்பம் சாத்தியிருக்கும் மூலை 'ரின்கோன்'.

ஸ்பானிஷ் படிப்பவர்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழிப்பது 'செர்', 'எஸ்தார்' என்ற இரண்டு வினைகள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'இஸ்' ஒன்றுதான். நிலையானதற்கு முதலாவது, மாறக்கூடியதற்கு இரண்டாவது என்று புத்தகம் சொல்லும். அதுவும் முழுக்கச் சரியில்லை. செத்துப்போனவரைக் குறித்து எஸ்தார்தான் வரும், அதைவிட நிலையானது என்ன இருக்கிறது? தமிழ் வழியாகப் பார்த்தால் வேறொரு துப்பு கிடைக்கும். 'அவள் கெட்டிக்காரி' என்பதில் 'இரு' வராது. அது 'எஸ் லிஸ்தா'. 'அவள் தயாராக இருக்கிறாள்' என்பதில் வரும். அது 'எஸ்தா லிஸ்தா'. 'அவர் பணக்காரர்' என்றால் 'எஸ் ரீகோ'. 'சாம்பார் ருசியாக இருக்கிறது' என்றால் 'எஸ்தா ரீகோ'. 'கூட்டம் விக்ரோலியில்' என்று நிகழ்ச்சி நடக்கும் இடத்தைச் சொன்னால் செர். 'அப்பா விக்ரோலியில் இருக்கிறார்' என்றால் எஸ்தார்.

ஆனால் இதையும் சூத்திரமாக எடுத்துக்கொள்ளாதே. 'வீடு பெரிசா இருக்கு' என்று நாம் சொல்லும் இடத்தில் ஸ்பானிஷ்காரர் செர்தான் போடுவார். 'கடையில் பால் இருக்கா?' என்ற கேள்விக்கு இரண்டும் வேண்டாம். அங்கே வருவது 'ஐ' என்று ஒலிக்கும் மூன்றாவது சொல்.

தமிழ் கைவிடும் இடங்கள் இன்னும் உண்டு. 'கேள்' என்ற வினையைப் பார். வழி கேட்கிறோம், கடன் கேட்கிறோம், பாட்டு கேட்கிறோம். ஸ்பானிஷில் வழி கேட்பது 'ப்ரெகுன்தார்', கடன் கேட்பது 'பெதீர்', பாட்டு கேட்பது 'எஸ்குச்சார்'. ஆங்கில 'ஆஸ்க்'கும் முதல் இரண்டைப் பிரிப்பதில்லை. அங்கே இந்தி உதவிக்கு வரும். 'பூச்னா' என்று வந்தால் ப்ரெகுன்தார், 'மாங்னா' என்று வந்தால் பெதீர். மீன் விஷயத்தில் ஆங்கிலமும் தமிழும் ஒரே கட்சி: கடலில் நீந்தினாலும் தட்டில் கிடந்தாலும் மீன்தான். ஸ்பானிஷில் உயிரோடு இருப்பது 'பெஸ்', பிடித்த பிறகு 'பெஸ்காதோ'.

எல்லாவற்றையும்விட அதிகம் வழுக்கும் இடம் 'ரன்'. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் இந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்பது மாத உழைப்பு. நமக்கும் குதிரை ஓடும், கடை ஓடும், படம் ஓடும், மிக்ஸி ஓடும். அதனால் எல்லாவற்றுக்கும் 'கொர்ரேர்' போடக் கை துறுதுறுக்கும். ஸ்பானிஷில் மிக்ஸி ஓடாது, 'ஃபுன்சியோனா', அதாவது வேலை செய்யும். கடையை நடத்துபவர் 'தீரிஹே' என்று வரும். ரயில் 'சிர்குலா'. தேர்தலில் நிற்பவர் ஸ்பெயினில் 'செ ப்ரெசென்தா', லத்தீன் அமெரிக்காவில் 'செ போஸ்துலா'. அர்ஜென்டினாக்காரரிடம் நின்றுபோன கடிகாரத்தைக் காட்டினால் 'நோ அந்தா' என்பார், நேர்ப்பொருள் 'நடக்கவில்லை'.

பொருளைத் தப்பாக எடுத்ததற்கு மனிதர்கள் கொடுத்த விலையும் பதிவாகியிருக்கிறது. 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வில்லி ராமிரெஸ் என்ற 18 வயது இளைஞர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். உறவினர்கள் 'இன்தொக்சிகாதோ' என்றார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் எண்ணம். ஆங்கிலத்தில் அதே முகச்சாயலுள்ள சொல்லுக்குப் போதை என்று பொருள். மருத்துவர்கள் அளவுக்கு மீறிப் போதைமருந்து எடுத்தவர் என்று முடிவுசெய்து அதற்கேற்ப சிகிச்சை கொடுத்தார்கள். உண்மையில் அவருக்கு மூளையில் இரத்தக் கசிவு. கண்டுபிடிப்பதற்குள் தாமதமாகி, கைகால்கள் நான்கும் செயலிழந்தன. வழக்கில் அவருடைய ஆயுள் முழுவதற்குமாக ஒப்புக்கொண்ட இழப்பீடு சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர் என்று கணக்கிடப்பட்டது. தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் அங்கே இருந்திருந்தால், "என்ன சாப்பிட்டார், எப்போது?" என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

அலுவலகத்தில் உயிர்போகும் ஆபத்து வராது. ஆனாலும் முகச்சாயல் கண்டு ஏமாறாதே. 'கார்பெதா' விரிப்பு அல்ல, ஃபைல். 'அசிஸ்தீர்' பெரும்பாலும் உதவுவதைக் குறிக்காது, கூட்டத்துக்குப் போவதைக் குறிக்கும். 'அக்துவால்மென்தே' உண்மையில் என்பதல்ல, தற்போது.

அடுத்து, யாருக்கு எழுதுகிறாய் என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்பானிஷ் சுமார் இருபது நாடுகளின் மொழி. டாக்சி எடுப்பதற்கு ஸ்பெயினில் 'கொஹேர்' என்பது சாதாரணச் சொல். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது சபையில் சொல்லக் கூடாத வசை. 'தொமார்' என்று போட்டால் எங்கும் பிழைக்கலாம். கணினி ஸ்பெயினில் 'ஓர்தெனதோர்', மெக்சிகோவில் 'கொம்புததோரா'. மெக்சிகோ நகரத்தில் 'கமியோன்' என்றால் பஸ், மற்ற நாடுகளில் லாரி. கியூபாவில் பஸ்ஸுக்கு 'குவாகுவா' என்று பெயர். சிலியில் அதே சொல்லுக்குக் கைக்குழந்தை என்று பொருள். ஆங்கிலத்தில் பொருள் ஒன்றே உள்ள சொல்லும் கடல் கடந்ததும் இப்படிப் பலவாகிவிடும்.

அகராதியைப் பிடிக்கும் முறை இதுதான். முதலில் வாக்கியத்தை முழுக்கப் படி, சொல்லை மட்டும் தேடாதே. கிடைத்த ஸ்பானிஷ் சொல்லை உடனே எழுதிவிடாமல், ஸ்பானிஷ்-ஆங்கிலப் பக்கத்தில் திருப்பித் தேடி, நீ நினைத்த பொருளுக்கே வந்து சேர்கிறதா என்று பார். பிறகு 1713-இல் தொடங்கிய ஸ்பானிஷ் அரச கழகத்தின் அகராதியில் அதே சொல்லைப் பார். அது இணையத்தில் இலவசம். எந்தப் பொருள் எந்த நாட்டில் வழங்குகிறது என்று பக்கத்திலேயே குறித்திருப்பார்கள். நோட்டில் எழுதும்போது சொல்லைத் தனியாக எழுதாதே. 'பெந்தியென்தே' என்று மட்டும் எழுதாமல் 'ஃபக்தூரா பெந்தியென்தே' என்று ஜோடியாக எழுது.

அடுத்த கடிதத்தில் 'ரைட்', 'லைட்', 'சார்ஜ்' மூன்றுக்கும் உன் பட்டியலை அனுப்பு. 'ரைட்'டில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். வலப்பக்கம் திரும்பு என்பதற்கு 'தெரேச்சா'. லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் 'தெரேச்சோ' என்றால் திரும்பாமல் நேரே போ. உரிமைக்கும் சட்டப் படிப்புக்கும் அதே தெரேச்சோதான். அம்மா, அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா