கவுனி அரிசி ஊறிய தண்ணீரைக் கொட்டாதீங்க!

புதுக்கோட்டை மாவட்டத்தில் அரிமளம், ராயவரம் பக்கம் நகரத்தார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறீர்களா? இலையில் கருஞ்சிவப்பாக, தேங்காய்த் துருவலும் நெய்யுமாக ஓர் இனிப்பு விழும். அதுதான் கவுனி அரிசி. இப்போது பல ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் வாங்கி வந்து என்ன செய்கிறோம்? ராத்திரி ஊறவைத்து, காலையில் அந்தக் கருஞ்சிவப்புத் தண்ணீரை ‘அழுக்கு’ன்னு கொட்டிவிடுகிறோம். அது அழுக்கல்ல, ஐயா!

அந்த நிறத்தின் பெயர் ஆந்தோசயனின். அரிசியின் தவிட்டில்தான் அது இருக்கிறது; உள்ளே மாவு வெள்ளைதான். பாலிஷ் போட்டால் போய்விடும், தண்ணீரிலும் கரைந்துவிடும். நாவல்பழம், கத்தரிக்காய்த் தோல், சங்குப்பூ, மாந்தளிர் எல்லாவற்றிலும் இதே குடும்பம்தான். தளிருக்கு இது வெயில் தாங்கும் குடை. பூவுக்கும் பழத்துக்கும் வண்டையும் பறவையையும் அழைக்கும் விளம்பரப் பலகை!

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஊறிய தண்ணீரைக் கொஞ்சம் டம்ளரில் எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள், பளிச்சென்று சிவக்கும். இன்னொரு டம்ளரில் சமையல் சோடா போட்டால் நீலமாகவோ பச்சையாகவோ திரும்பும். புளிப்புக்கும் காரத்துக்கும் ஏற்ப இந்த நிறமி தன் அமைப்பையே மாற்றிக்கொள்கிறது.

‘பீட்ரூட் சிவப்பும் இதுதானே?’ இல்லை. அது பீட்டாலெய்ன், நைட்ரஜன் சேர்ந்த வேறு இனம். எலுமிச்சைக்கு அது அவ்வளவாக அசையாது. ஒரே செடியில் இவை இரண்டும் சேர்ந்திருப்பதில்லை. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும், பயப்பட வேண்டாம். சாப்பிடாமலே சிவந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. கவுனி மருந்தல்ல. தவிட்டோடு இருப்பதால் நார்ச்சத்து உண்டு. ஆனாலும் அதுவும் மாவுச்சத்துதான். அதிலே சர்க்கரையும் நெய்யும் கொட்டிக் கிளறிவிட்டு ‘உடம்புக்கு நல்லது’ன்னு சொல்லிக்கொள்ளலாமா? அளவோடு, கஞ்சியாகவோ இட்லியாகவோ சாப்பிடுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தூசு போக முதலில் அலசிவிட்டு, நல்ல தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். அதே தண்ணீரோடு குக்கரில் வேகவிடுங்கள். சூட்டில் நிறமி கொஞ்சம் அழியத்தான் செய்யும். மிச்சமாவது வாய்க்காலுக்குப் போகாமல் வயிற்றுக்குப் போகட்டுமே!